எந்த வீட்டிலும் சேராத பதிவு

தோன் உபால்தோவுக்கு எழுதத்தான் தெரியும், அடுக்கத் தெரியாது. நகராட்சிக் கிடங்குக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் மண்வெட்டி கேட்டுப் போனால் ஒலிபெருக்கியைக் கொடுத்து அனுப்புவார். வேலை முடிந்ததும் ஒரு வலைப்பூ ஆரம்பித்து, எங்கள் ஊர் கொரோசோவில் என்ன நடந்தாலும் எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். யார் செத்தார், யாருக்குக் கல்யாணம், இறால் விலை என்ன, எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, இந்த வருடத்து அழகி யார், அவள் அம்மா அதற்கு என்ன செய்தாள். எல்லாம் ஒரே குவியல்.

மிலானிலும் நியூயார்க்கிலும் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள்தான் அதை அதிகம் படிப்பார்கள். தன் அம்மாவின் பிறந்தநாள் படத்தைத் தேடி ஒருத்தி ஒரு மணி நேரம் கீழே இழுத்துக்கொண்டே போயிருக்கிறாள். கடைசியில் கிடைத்தது பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி பற்றிய அறிவிப்பு. அவள் திட்டி எழுதினாள். அதைப் படித்துவிட்டுத்தான் உபால்தோ என் கடைக்கு வந்தார்.

தேவாலயத்துக்கு எதிரே ஜெராக்ஸ், பிரிண்ட், இன்டர்நெட் கடை வைத்திருப்பவள் நான்தான். இதாலியா மேரோ. ஊரில் யாருக்குக் கணினியில் என்ன வந்தாலும் என் தலையில்தான் விடியும்.

"எல்லாத்தையும் வகைவகையாப் பிரிச்சுக் குடுத்துடும்மா. மேல ஒரு வகை, அதுக்குக் கீழ உட்பிரிவு. சின்ன வேலைதான்" என்றார்.

"சின்ன வேலைன்னா நீங்களே செய்யலாமே?"

"எனக்குக் கண்ணு சரியில்ல."

எழுதும்போது மட்டும் கண் எப்படிச் சரியாக இருக்கிறது என்று கேட்கலாம். கேட்டால் அதையும் ஒரு பதிவாக எழுதிவிடுவார்.

தினமும் மதியம் கடையில் ஆள் குறைந்ததும் உட்காருவோம். உணவு என்று ஒரு வகை, அதற்குக் கீழே சூப், பொரியல், இனிப்பு. அங்கேயே முதல் சண்டை. வேர்க்கடலையும் மீனும் போட்டு வைக்கிற வீச்சே சூப்பா, சாப்பாடா? சூப் என்றேன். "வீச்சேவை சூப்புன்னு சொன்னவ என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார். சரி, அதற்கு மட்டும் தனி உட்பிரிவு. தண்ணீர் வராத செய்திகள் நிறைய இருந்தன. நான் 'சேவைகள்' என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'பாரம்பரியம்' என்றார். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. மேயர்கள் நாடா வெட்டிய பதிவுகளை 'விழாக்கள்' என்பதற்குக் கீழே இரண்டாகப் பிரித்தோம்: கட்டி முடிந்தவை, நாடா மட்டும் வெட்டியவை. முதல் பிரிவில் ஒரு பொதுக் கழிப்பறை இருந்தது.

இரங்கலுக்குக் கீழே உள்ளூர், வெளிநாடு. மிலானில் இறந்துபோனதாக உபால்தோ எழுதிய ஒருவர் அந்தப் பதிவிலேயே நன்றி சொல்லிப் பின்னூட்டம் போட்டிருந்தார். அதை எங்கே வைப்பது என்று கேட்டேன். "இரங்கல்லயே இருக்கட்டும். என்னிக்காவது உதவும்" என்றார்.

தன் வாழ்க்கை வரலாற்றை மட்டும் பதிவாக வைக்க விடவில்லை. தனிப் பக்கமாக வேண்டுமாம். புதுப் பதிவு வரவரப் பழைய பதிவு கீழே போய்விடும், பக்கம் மட்டும் மெனுவில் அசையாமல் நிற்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் குடும்பங்களுக்கு வந்தோம். வெளிநாட்டுக்காரர்கள் தேடுவதே அதைத்தான். 'குடும்பங்கள்' என்று மேல் வகை. அதற்குக் கீழே ஒவ்வொரு குடும்பப் பெயரும் ஓர் உட்பிரிவு. ஆளைப் பற்றிய பதிவெல்லாம் அங்கே போக வேண்டும். இந்த மென்பொருளில் ஒரு பதிவுக்கு எத்தனை வகை வேண்டுமானாலும் டிக் போடலாம். உபால்தோ ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரு ஆளுக்கு ஒரு வீடுதாம்மா. ரெண்டு வீடு வெச்சுக்கிட்டவன் கதையெல்லாம் நமக்குத் தெரியாதா?"

ஊரில் இருக்கிற மேரோக்களை எடுத்தால் பாதிப் பேர் எனக்கே யாரென்று தெரியாது. எங்கள் ஊரில் ஒருத்தரைப் பார்த்தால் பெயரைக் கேட்க மாட்டோம். "நீ யாரோட பிள்ளை?" என்றுதான் கேட்போம். அந்தப் பதில் தெரிந்தால் போதும். நானும் அப்படித்தான் அடுக்கினேன். படத்தைப் பார்ப்பேன், இவன் யாருடைய பிள்ளை என்று மனதில் வரும், கை டிக் போட்டுவிடும். பெயரை யார் படித்தார்கள்?

அப்படித்தான் எலிசேயோவை லோர் குடும்பத்தில் போட்டேன்.

ஐஸ் தொழிற்சாலை லாரி ஓட்டுகிற எலிசேயோ எங்கள் ஊர்ப் பந்தாட்டக் குழுவின் கோல்கீப்பர். பக்கத்து ஊரை ஜெயித்த வருடம் அவன் பந்தைப் பிடித்த படத்தோடு உபால்தோ ஒரு பதிவு போட்டிருந்தார். அவன் தோன் ஃபுல்ஹென்சியோ லோரின் மகன். இறால் குட்டைகள் வைத்திருக்கிற அதே ஃபுல்ஹென்சியோதான். இது மீன் சந்தையில் தெரியும், தேவாலயத்தில் தெரியும், நாய்க்குக்கூடத் தெரியும். ஆனால் காகிதத்தில் அவன் எலிசேயோ பிரியோனெஸ் மசியாஸ். அவன் அம்மா எத்தெல்வினா பிரியோனெஸ் மசியாஸ். எங்கள் ஊரில் அப்பனுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று என்று ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர். பதிவு அலுவலகத்துக்கு அப்பன் வரவில்லை என்றால் அம்மாவின் இரண்டு பெயரும் பிள்ளைக்கு அப்படியே வந்துவிடும். சான்றிதழைப் பார்த்தால் அம்மாவும் பிள்ளையும் அக்கா தம்பி மாதிரி இருப்பார்கள்.

நான் டிக் போட்டேன், பொத்தானை அழுத்தினேன், வீட்டுக்குப் போனேன்.

அந்த மென்பொருள் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் படங்களை வரிசையாகக் காட்டும். லோர் பக்கத்தைத் திறந்தால் முதலில் ஃபுல்ஹென்சியோ, பிறகு அவர் அண்ணன், அண்ணன் பிள்ளைகள், கடைசியில் எலிசேயோ. ஒரே வரிசையில் ஒரே காதுகள். லோர் காது என்றால் வாசலில் மாட்டி வைத்த கூடை மாதிரி வெளியே நிற்கும். ஃபுல்ஹென்சியோவின் மூன்று பெண்களும் பிறந்ததிலிருந்து கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டிருப்பது எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

அதே வாரத்தில் தோன்யா பெர்பெத்துவா குடையோடு வந்தார். ஃபுல்ஹென்சியோவின் மனைவி. கடையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்தது. ஆனால் வாசலைத் தாண்டி யாரும் போகவில்லை.

"இதாலியா, எனக்கு மூணு பொண்ணுங்க. நாலாவதா ஒரு கோல்கீப்பரைப் பெத்ததா ஞாபகம் இல்ல."

"நீங்க பெத்தீங்கன்னு நான் போடலையே, தோன்யா."

"வாய் மட்டும் குறைச்சலில்ல. எடு அதை."

"ஊருக்கே தெரிஞ்சதுதானே?"

"ஊருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவன் பொறந்த அன்னிக்கே தெரியும்." குடையைத் தரையில் ஊன்றினார். "மிலான்ல இருக்கற என் தங்கச்சிக்குத் தெரியாது. நேத்து ஃபோன் பண்ணி, 'யாருக்கா அந்தப் பையன், அச்சு அசல் அத்தான் மாதிரியே இருக்கான்'னு சிரிக்கிறா. இத்தனை வருஷமா அவகிட்ட நான் நல்லா வாழறேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். நான் என்ன பதில் சொல்றது, நீயே சொல்லு."

பெர்பெத்துவாவை எனக்குப் பிடிக்காது. கடன் கேட்கிறவர்களை முறைக்கிற மாதிரியே தேவாலயத்தில் சிலுவையையும் முறைப்பார். ஆனால் அன்றைக்கு அவர் குரல் உடைந்தது. எடுத்துவிடுகிறேன் என்றேன்.

லோரிலிருந்து எடுத்தால் பிரியோனெஸ். வேறென்ன? அங்கே டிக் போட்டேன். மறுநாள் காலை எத்தெல்வினா வந்தாள். சந்தை முனையில் கொர்விச்சே, அதாவது மீன் வைத்த வாழைக்காய் உருண்டை, பொரித்து விற்கிறவள். என் மகளுக்கு ஞானத்தாய், அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். கையெல்லாம் வாழைக்காய் மாவு. கழுவக்கூட நிற்காமல் வந்திருக்கிறாள்.

"கொமாத்ரே, உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா?"

"இப்ப நான் என்ன பண்ணேன்?"

"என் அண்ணன்மார் போட்டோவுக்குக் கீழ என் புள்ளையைத் தொங்க விட்டிருக்க. வயித்துல இவனை வெச்சுக்கிட்டு நின்னப்போ எங்கப்பன் என் துணியைத் தூக்கி ரோட்டுல போட்டான். அந்த ரெண்டு பேரும் சன்னல்ல நின்னு வேடிக்கை பாத்தாங்க. ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டேன், வரல. இப்ப கோல்கீப்பர் ஆனதும் அவங்க வீட்டுப் புள்ளையா?"

"உன் பேர் பிரியோனெஸ்தானே?"

"பேரு என்னது. வீடு அவங்களது. எடுடி அதை."

உபால்தோவிடம் போய், எத்தெல்வினாவுக்கும் மகனுக்கும் ஒரு தனிக் குடும்பம் திறந்துவிடலாம் என்றேன். முடியாது என்றார். ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது மூன்று பதிவாவது வேண்டும், இல்லாவிட்டால் மெனு நீண்டுவிடும், அவருடைய வாழ்க்கை வரலாறு கீழே போய்விடும். "அவளையே பத்தி ரெண்டு எழுதுங்களேன். ஊரே அவ கொர்விச்சே தின்னுதான் வளந்துச்சு" என்றேன். எழுதுகிறேன் என்றார். அதோடு சரி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆளாளுக்கு வந்து எடு எடு என்கிறார்களே தவிர, வை என்று சொல்ல ஒருத்தர் இல்லை. இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டு, எக்கேடாவது கெடட்டும் என்று சாப்பிடப் போனேன்.

ஆனால் எந்த வகையிலும் சேராத பதிவை அந்த மென்பொருள் சும்மா விடாது. அதற்கென்றே தன் கையிருப்பில் ஒரு வகை வைத்திருக்கிறது. அதை அழிக்கவும் முடியாது. டிக்கை எல்லாம் எடுத்த அடுத்த நொடி, பதிவைத் தூக்கி அதில் போட்டு, மெனுவின் அடியில் அதுவாகவே எழுதிக் காட்டும். நான் சாப்பிட்டுத் திரும்பி வருவதற்குள் ஊரே அதைப் பார்த்துவிட்டது.

வகைப்படுத்தாதவை (1).

சாயங்காலம் ஐஸ் லாரி கடை வாசலில் நின்றது. எலிசேயோ உள்ளே வந்தான். உயரமான ஆள், எங்கள் கடைக் கதவில் குனிந்துதான் வர வேண்டும். அவன் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவன் போடவில்லை.

"அது என்ன பேரு, இதாலியா?"

"அது நான் வெச்சதில்லடா. கம்ப்யூட்டர் தானா வெக்கிறது."

"தானாவா?"

"எங்கயும் சேராததை அங்க போட்டுடும்."

"அப்ப சரியாத்தான் போட்டிருக்கு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் அந்த ஆள்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. வாரத்துக்கு ரெண்டு தடவை அவர் குட்டைக்கு ஐஸ் இறக்கறேன். கையெழுத்து வாங்கிக்கிட்டு வந்துடுவேன். நல்லா இருக்கீங்களான்னுகூடக் கேட்டதில்ல. ஆனா அன்னிக்கு அந்தப் பக்கத்துல அவங்க வரிசையில என் மூஞ்சியைப் பாத்தேன். நல்லா இருந்துச்சு, இதாலியா. லாரியை ஓரம் கட்டிட்டு திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஐஸ் உருகிடுச்சு, முதலாளிகிட்ட திட்டு வாங்கினேன்." கொஞ்சம் சிரித்தான். "அப்புறம் காணோம். சரி, அது எதிர்பார்த்ததுதான். அம்மா பக்கம் வந்தேன், அங்கேயும் காணோம். இப்ப இது. கூட விளையாடறவங்க என்னை 'ஒண்ணு'ன்னு கூப்பிடறானுங்க. பனியன் நம்பரும் ஒண்ணுதான், அதனால நான் கோவிச்சுக்க முடியல."

"பதிவையே அழிச்சுடட்டுமாடா?"

"வேணாம். வேற எதுலயும் என் போட்டோ இல்ல."

அவன் போன பிறகு ஒரு பொம்பளை பாஸ்போர்ட் நகல் எடுக்க வந்தாள். காரணமே இல்லாமல் அவள் மேல் எரிந்து விழுந்தேன். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, அதை வேறு எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு மோட்டோ வாசலில் வந்து நின்று, அதிலிருந்து ஃபுல்ஹென்சியோ லோர் இறங்கினார். எண்பதைத் தாண்டியவர். முன்பெல்லாம் ஊருக்குள் குதிரையில் வருவார். இப்போது அந்த மூன்று சக்கர வண்டிக்காரன் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டியிருந்தது. தொப்பியைக் கழற்றினார். என் கடையில் யாரும் தொப்பியைக் கழற்றுவதில்லை.

"எங்க வீட்டுல ஏதோ சத்தமா இருக்கு. உன் மிஷின்ல என்னமோ வந்துச்சாமே. காட்டு."

லோர் பக்கத்தைத் திறந்தேன். திரையில் மூக்கு தொடும்படி குனிந்து பார்த்தார். தன் படம், அண்ணன் படம், மனைவியோடு எடுத்த கல்யாணப் பொன்விழாப் படம். கடைசி வரை போனார்.

"பையன் எங்க?"

அந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை. மெனுவின் அடிக்கு இழுத்துப் போய்த் திறந்தேன். பெரிய வெள்ளைப் பக்கம். நடுவில் எலிசேயோ மட்டும், பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

"மேல என்ன எழுதியிருக்கு?"

"வகைப்படுத்தாதவைன்னு."

"அப்படின்னா?"

"எந்த வீட்டுலயும் சேர்த்துக்காததுன்னு அர்த்தம், தோன் ஃபுல்ஹென்சியோ."

கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். சொன்னால் என்ன, யார் கேட்பது? அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"தனியா இருக்கானே" என்றார்.

"உங்க வீட்டம்மாதான் எடுக்கச் சொன்னாங்க. நீங்க சொல்லுங்க, இப்பவே திருப்பி வெக்கிறேன். ஒரு டிக்தான்."

தலையை ஆட்டினார். "பெர்பெத்துவாவுக்கு நான் பண்ணினது போதும். அவ வீட்டுக்குள்ள அவனைக் கொண்டாந்து நிறுத்த எனக்கு உரிமை கிடையாது."

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க? பாத்துட்டுப் போகவா? முப்பத்தெட்டு வருஷமா அதைத்தானே பண்றீங்க!"

இதைச் சொல்லிவிட்டு, இன்றோடு நம் கடை மூடியது என்று நினைத்தேன். கட்டிடம் அவர் மைத்துனருடையது. ஆனால் அவர் கோபப்படவில்லை.

"நான் கோழை, இதாலியா. அது ஊருக்கே தெரியும். அதுக்கு ஒரு வகை வெச்சிருக்கியா?"

"இல்ல."

"என் போட்டோவை அங்கிருந்து எடு."

"எடுத்து?"

"அவன் இருக்கற எடத்துல போடு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும், "அது எதுலயும் சேராதவங்களுக்கான எடம், தோன்" என்றேன்.

"அவனை இங்க கொண்டு வரத்தான் முடியாது. நான் அங்க போறதை யாரு தடுக்கறது? என் போட்டோ. நான் சொல்றேன், எடு."

"பொன்விழாப் படம்?"

"அது பெர்பெத்துவாவோடது. அது அங்கயே இருக்கட்டும். நான் தனியா நிக்கறது ஒண்ணு இருக்கே, இறால் பரிசு வாங்கினது. அதை எடு."

எடுத்தேன். டிக்கை எடுத்ததும் அதுவாகவே அங்கே போய் விழுந்தது. பக்கத்தை மறுபடி திறந்து காட்டினேன். இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருந்தன. கிழவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், போட்டார், பார்த்தார், மறுபடி கழற்றினார். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. மோட்டோக்காரன் வெளியே ஹாரன் அடித்தான். நான் எழுந்து போய் அவனைத் திட்டிவிட்டு வந்தேன்.

மதியம் உபால்தோ ஃபோன் செய்தார். "என்னம்மா, ஃபுல்ஹென்சியோ குடும்பத்துலேருந்து நழுவிக் கீழ விழுந்துட்டார் போலிருக்கே? சரியான எடத்துல தூக்கி வை."

"நழுவல. சரியான எடத்துலதான் இருக்கார்."

"பெர்பெத்துவா பாத்தா?"

"பாக்கட்டும்" என்று வைத்துவிட்டேன்.

ஐஸ் லாரி அன்றைக்கு இரண்டு தெரு தள்ளியே நின்றுவிட்டது, எஞ்சினைக்கூட நிறுத்தாமல். எலிசேயோ ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி வந்தான். எப்போதும் குனிந்து வருகிறவன் அன்றைக்கு மறந்துபோய்த் தலையைக் கதவில் இடித்துக்கொண்டான். அதைப் பொருட்படுத்தவில்லை.

"இதாலியா, இது தானா நடந்ததா? கம்ப்யூட்டர் பண்ணிச்சா?"

"இல்லடா. அவரே வந்தார்."

"இங்கயா?"

"நீ நிக்கற எடத்துலதான் நின்னார். உன் பக்கத்துல போடச் சொன்னார்."

"யாராவது சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்களா? அம்மா ஏதாவது..."

"மோட்டோ புடிச்சுத் தனியா வந்தார். யாரும் சொல்லல."

அவன் ஃபோனைப் பார்த்தான். மெனுவின் அடியில் இப்போது இரண்டு என்று இருந்தது. அதை விரலால் தொட்டான், பக்கம் திறந்தது, மூடினான், மறுபடி தொட்டான். முப்பத்தெட்டு வயது ஆள் ஜெராக்ஸ் மெஷினில் கையை ஊன்றிக்கொண்டு அழுதான். கடையில் நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் நகரவில்லை, நகல் எடுக்க வந்தவள் தன் காகிதங்களை மட்டும் ஈரம் படாமல் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை போனவன் திரும்பினான்.

"இதை மாத்திடாத."

"நான் மாத்த மாட்டேன். பெர்பெத்துவா குடையோட வந்து நின்னா என்ன சொல்லட்டும்?"

"என்னைக் கூப்பிடு. எங்கப்பா விஷயம், நான் பேசிக்கிறேன்" என்றான்.

கடையில் இருந்த நாலு பேரும் அதைக் கேட்டார்கள்.